ஆதாரம் கேட்ட புனிதர்: தோமையார் நிஜமாகவே பரங்கிமலைக்கு வந்தாரா? காஞ்சி மண்ணோடு அவருக்கு என்ன தொடர்பு?

காஞ்சிபுரத்தில் இருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்னை கடற்கரைக்குப் போகிற ரயிலில் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் வரிசை மனப்பாடம். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், அடுத்தது பரங்கிமலை. ஆங்கிலப் பலகையில் அது ‘செயின்ட் தாமஸ் மவுன்ட்’. யார் அந்த தாமஸ் என்று நின்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் கிடைக்கிற பதில்களும் இரண்டு துருவங்களில் இருக்கும். ‘இயேசுவின் சீடர், இங்கேதான் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார்’ என்பது ஒன்று. ‘எல்லாம் போர்த்துகீசியர் கட்டிவிட்ட கதை’ என்பது இன்னொன்று.

வாட்ஸ்அப்பில் இந்த இரண்டுமே ஃபார்வர்டாக வரும். இரண்டையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, உண்மையில் என்னதான் எழுதப்பட்டிருக்கிறது, எப்போது எழுதப்பட்டது, எது கல்லில் இருக்கிறது, எது கதையில் மட்டும் இருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

யார் இந்தத் தோமையார்?

இயேசுவின் 12 திருத்தூதர்களில் ஒருவர். ‘தோமா’ என்பது அரமேய மொழியில் ‘இரட்டையர்’ என்று பொருள்படும் சொல். யோவான் நற்செய்தியில் இவர் வரும் காட்சிதான் உலகம் முழுக்கப் பிரபலம். இயேசு உயிர்த்தெழுந்துவிட்டார் என்று மற்ற சீடர்கள் சொல்ல, ஆணிக் காயத்தில் என் விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார் இவர். ஆங்கிலத்தில் எதையும் நம்பாதவரை ‘டவுட்டிங் தாமஸ்’ என்று கிண்டல் செய்வது இதை வைத்துத்தான். அதே நற்செய்தியில், ஆபத்து தெரிந்தும் ‘நாமும் போய் அவரோடு சாவோம்’ என்கிற பொருளில் பேசிய துணிச்சல்காரரும் இவரே.

கண்ணால் பார்த்துத் தொட்டால்தான் நம்புவேன் என்ற ஒருவரின் இந்திய வாழ்க்கைக்குத்தான், தொட்டுப் பார்க்கிற மாதிரி ஆதாரம் இன்றுவரை சிக்கவில்லை.

இந்தியாவுக்கு வந்தார் என்று முதலில் சொன்னது யார்?

‘தோமாவின் பணிகள்’ என்ற சிரியக் மொழி நூல். 3-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், எதேசா நகரத்தில் எழுதப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எதேசா இன்று துருக்கியில் உள்ள சான்லியுர்ஃபா.

அந்த நூலின் கதை சுவாரஸ்யமானது. தச்சுவேலையும் கட்டடக் கலையும் தெரிந்த தோமா, இந்தியாவில் இருந்து வந்த ஒரு வணிகரிடம் அடிமையாக விற்கப்படுகிறார். குந்தபர் என்ற அரசர் அவரிடம் அரண்மனை கட்டப் பணம் கொடுக்கிறார். தோமாவோ அத்தனை பணத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். ‘அரண்மனை எங்கே?’ என்று அரசர் கேட்க, ‘சொர்க்கத்தில் கட்டியாகிவிட்டது’ என்கிறார். இந்தக் கதையால்தான் தோமையார் கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலராகக் கருதப்படுகிறார்.

குந்தபர் வெறும் கற்பனைப் பாத்திரம் என்றே நீண்ட காலம் நினைத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் ‘கோண்டோபரஸ்’ என்ற அரசரின் நாணயங்கள் கிடைத்தன. தக்த்-இ-பாஹி என்ற இடத்தில் கல்வெட்டும் கிடைத்தது. 1-ம் நூற்றாண்டில் ஆண்டவர் என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட அரசர் இவர். அரசர் நிஜம் என்பதாலேயே அரண்மனைக் கதையும் நிஜமாகிவிடாது. ஆனால், அந்தக் காலத்து வடமேற்கு இந்தியாவின் ஒரு பெயரை எதேசாக்காரர்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

அதே நூலின் கடைசியில் மஸ்தாய் என்ற அரசரின் ஆணைப்படி நான்கு வீரர்கள் தோமாவை ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள். இடம்? ஊர்ப் பெயர் இல்லை. மயிலாப்பூர் என்றோ, காஞ்சி என்றோ, தமிழகம் என்றோ ஒரு வரிகூட அதில் கிடையாது.

திருத்தூதரா, ஆயரா?

கத்தோலிக்கர்கள் பிஷப்பை ‘ஆயர்’ என்கிறார்கள். முல்லை நிலத்து மேய்ப்பரைக் குறிக்கும் அதே தமிழ்ச் சொல். பழைய தலைமுறையினர் ‘மேற்றிராணியார்’ என்பார்கள். தோமையாரைத் திருத்தூதர் என்று அழைப்பதே வழக்கம். ஆனால், ‘திருத்தூதர்களின் போதனை’ என்ற பழைய சிரியக் நூல், இந்தியா குருத்துவத்தைப் பெற்றது தோமாவிடம் இருந்துதான் என்றும், தாம் எழுப்பிய சபைக்கு அவரே வழிகாட்டியாகவும் தலைவராகவும் இருந்தார் என்றும் சொல்கிறது. அதாவது, ஓர் ஆயர் செய்யும் வேலை. கேரளத்தின் சிரியக் கிறிஸ்தவர்கள் தங்களை ‘மார்தோமா கிறிஸ்தவர்கள்’ என்று அழைத்துக்கொள்வதன் பின்னணி இதுதான்.

அந்த மரபின்படி அவர் கி.பி. 52-ல் கொடுங்கல்லூருக்கு அருகே கரை இறங்கினார். ஏழு தேவாலயங்களை நிறுவினார். ‘அரைப்பள்ளி’ என்று அழைக்கப்படும் இன்னொன்று நம் கன்னியாகுமரி மாவட்டத் திருவிதாங்கோட்டில் இருக்கிறது. கி.பி. 72-ல் மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பதும் அதே மரபு. இந்த ஆண்டுக் கணக்குகள் அந்தக் காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டவை அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பாட்டிலும் வாய்மொழியிலும் வந்து, மிகவும் பிந்தைய காலத்தில் எழுத்துக்கு வந்தவை.

சரி, அந்தக் காலத்தில் வந்திருக்க முடியுமா?

முடியும். வழி இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1-ம் நூற்றாண்டில் ரோமானியக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து மேற்குக் கடற்கரைக்கு மிளகு வாங்க வந்தன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்பாண்டங்கள் கிடைத்தன. 2-ம் நூற்றாண்டின் தாலமி சோழமண்டலக் கரையில் குறிப்பிடும் ‘மலியர்பா’ மயிலாப்பூர்தான் என்பது பலரின் கருத்து.

காஞ்சியும் இந்த வலையில் இருந்தது. சீனாவின் ‘ஹான் வரலாறு’ என்ற நூல், ‘ஹுவாங்-சி’ என்ற நாட்டுக்குச் சீனத் தூதர்கள் தங்கமும் பட்டும் கொண்டுபோய் முத்தும் மணிக்கற்களும் வாங்கிவந்ததாகச் சொல்கிறது. அந்த ஹுவாங்-சி காஞ்சிதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இன்று பட்டு விற்கும் ஊர், 2,000 ஆண்டுகளுக்கு முன் சீனப் பட்டு வந்து இறங்கிய ஊராக இருந்திருக்கலாம்!

ஆனால், வந்திருக்க முடியும் என்பது வேறு, வந்தார் என்பது வேறு. ஃபார்வர்டுகள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மயிலாப்பூர் எப்போது கதைக்குள் வந்தது?

தோமையாரின் எலும்புகளை வணிகர் ஒருவர் இந்தியாவில் இருந்து எதேசாவுக்குக் கொண்டுபோனதாக 4-ம் நூற்றாண்டில் புனித எஃப்ரேம் பாடினார். 6-ம் நூற்றாண்டில், பிரான்ஸின் தூர் நகர ஆயர் கிரெகோரி, தோமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட இந்திய ஊரில் ஒரு மடமும் பெரிய ஆலயமும் இருப்பதாக எழுதினார். அங்கே போய் வந்த ஒருவர் சொல்லக் கேட்டு எழுதியது அது. ஊர்ப் பெயர் அதிலும் இல்லை.

பெயர் வருவது 13-ம் நூற்றாண்டில். பஸ்ரா நகர ஆயர் சாலமோன் எழுதிய ‘தேனீ நூல்’, இந்தியர்களின் நாட்டில் ‘மஹ்லுஃப்’ என்ற ஊரில் தோமா அடக்கம் செய்யப்பட்டதாக ஒரு கருத்தைப் பதிவுசெய்கிறது. மஹ்லுஃப் என்பது மயிலாப்பூரின் திரிபு என்பது பொதுவான புரிதல். அதே நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ, ‘மாபார்’ கரையில் ஒரு சின்ன ஊரில் தோமையாரின் உடல் இருப்பதாக எழுதினார்.

மார்க்கோ போலோ சொல்லும் கதையில் ஈட்டி இல்லை, அரச ஆணையும் இல்லை. காட்டில் மயில்கள் சூழப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த தோமா மேல், மயில் வேட்டையாட வந்தவர் விட்ட அம்பு தவறிப் பாய்ந்துவிட்டது என்கிறார் அவர். மயிலுக்கே பெயர்போன ஊரில் மயிலோடு ஒரு கதை! அம்பாள் மயில் உருவில் புன்னை மரத்தடியில் சிவனை வழிபட்ட தலம் என்பது மயிலையின் தலபுராணம். வெளியூர்ப் புனிதரின் கதையிலும் உள்ளூர் மயில் வந்து சேர்ந்துகொண்டது.

இன்னொரு தகவலும் அவரிடம் உண்டு. அந்த இடத்துக்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் யாத்திரை வந்தார்கள். அங்கிருந்து சிவப்பு மண்ணை எடுத்துப்போய், காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்தார்கள்.

கல்லில் இருப்பது என்ன?

கதைகளை விட்டுக் கல்லுக்கு வரலாம். பரங்கிமலை உச்சியில் உள்ள ஆலயத்தின் பீடத்தில் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547-ல் போர்த்துகீசியர் அங்கே அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. சுற்றி வளைவாக ஓர் எழுத்து வரி ஓடுகிறது. அது ‘பஹ்லவி’, அதாவது பழைய பாரசீக மொழி. காலம் சுமார் 7, 8-ம் நூற்றாண்டு என்பது பரவலான கணிப்பு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பஹ்லவி வேறு, பல்லவர் வேறு. ‘பல்லவர்கள் பாரசீகத்து பஹ்லவர்கள்’ என்று ஒரு பழைய கருத்து இருந்தது. பெயர் ஒலிப்பைத் தாண்டி அதற்கு வலுவான ஆதாரம் இல்லாததால் இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை.

அந்த வரி என்ன சொல்கிறது? வாசிப்புகள் பல. 1873-ல் ஏ.சி. பர்னெல் தொடங்கிவைத்த விவாதம் இது. பின்னாளில் வந்த முக்கியமான வாசிப்பின்படி, இந்தச் சிலுவையைச் செய்தவர் மேல் இரக்கம் வைக்கும்படி மேசியாவிடம் கேட்கும் எளிய வேண்டுதல் அது. தோமையாரின் பெயர் அதில் இல்லை. கோட்டயம் வலியபள்ளி உள்ளிட்ட கேரள ஆலயங்களிலும் இதே வரி கொண்ட சிலுவைகள் உண்டு. இலங்கை அனுராதபுரத்தில் கிடைத்த கற்சிலுவையும் வடிவத்தில் இவற்றின் உறவுதான்.

ஆக, சிலுவை நிரூபிப்பது தோமையாரை அல்ல. பல்லவர் காலத்தில் பாரசீக மொழி எழுதத் தெரிந்த கிறிஸ்தவர்களின் வழிபாடு இந்தக் கரையில் இருந்தது என்பதை. அது சின்ன விஷயம் இல்லை. 6-ம் நூற்றாண்டில் கடலோடி காஸ்மஸ், இலங்கையிலும் மிளகு விளையும் மலபாரிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதாகவும், ‘கல்லியானா’வில் பாரசீகத்தில் இருந்து நியமிக்கப்பட்ட ஆயர் இருப்பதாகவும் எழுதியது இதோடு பொருந்திப் போகிறது.

இதில் காஞ்சி எங்கே வருகிறது?

அந்தச் சிலுவை செதுக்கப்பட்டதாகக் கருதப்படும் காலத்தில் இந்தக் கரை முழுவதும் காஞ்சியின் ஆட்சியில் இருந்தது. ராஜசிம்ம பல்லவர் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பியது 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 640-ஐ ஒட்டி வந்த சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சியில் நூறு பௌத்த மடங்கள், 10,000 துறவிகள், 80 தேவர் கோயில்கள், ஏராளமான சமணர்கள் என்று கணக்கு எழுதினார். அந்தக் கணக்கில் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால், காஞ்சி ஆண்ட கடற்கரையில் அவர்கள் இருந்ததற்குப் பரங்கிமலைச் சிலுவை சாட்சி.

இன்னொரு காட்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. பரங்கிமலைக்குச் சில ஸ்டேஷன்கள் முன்னால் உள்ள பல்லாவரத்தில், மகேந்திரவர்மப் பல்லவர் குடைந்த குகைக்கோயில் இன்று ஒரு தர்காவாக இருக்கிறது.

நிர்வாகத் தொடர்பும் சமீபம் வரை நீடித்தது. ஆலந்தூரும் பரங்கிமலையும் 2018 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அதன்பிறகே சென்னை மாவட்டத்துக்குப் போயின. 2002-ல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவானது. காஞ்சிபுரம் கத்தோலிக்கர்களும் பரங்கிமலைத் திருத்தலமும் இன்று ஒரே ஆயரின் கீழ்.

போர்த்துகீசியரும் கபாலீஸ்வரரும்

16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, தோமையார் கல்லறை ஆலயம் பாழடைந்து கிடந்ததாக எழுதுகிறார். ஓர் ஏழை முஸ்லிம் அதைப் பார்த்துக்கொண்டார். பிச்சை எடுத்து வந்த காசில் அங்கே விளக்கு எரியவைத்தார் என்பது அவரது குறிப்பு.

1523-ல் போர்த்துகீசியர் கல்லறையைத் தோண்டினர். எலும்புகளும் ஈட்டிமுனையும் கிடைத்ததாக அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் அறிவியல் சோதனை எதுவும் கிடையாது. எதேசாவுக்குப் போனதாகச் சொல்லப்பட்ட எலும்புகளோ, கியோஸ் தீவு வழியாக 1258 முதல் இத்தாலியின் ஒர்தோனாவில் வைக்கப்பட்டுள்ளன. 1606-ல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானது. இன்று நாம் பார்க்கும் வெள்ளைநிற சாந்தோம் பேராலயம் 1890-களில் கட்டியது. போர்த்துகீசியக் கட்டடம் அல்ல அது.

இந்தக் கதையின் கசப்பான பகுதியும் இதே நூற்றாண்டைச் சேர்ந்ததுதான். மயிலை கபாலீஸ்வரர் கோயில் ஒருகாலத்தில் கடலோரத்தில் இருந்தது என்பதற்குத் திருஞானசம்பந்தரின் பாடலில் குறிப்பு இருக்கிறது. போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்து, பிறகு இன்றைய இடத்தில் எழுப்பப்பட்டது என்பது பரவலான கருத்து. கடல் அரிப்பைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. அன்றைய போர்த்துகீசியர் கோவாவிலும் மற்ற இடங்களிலும் கோயில்களை இடித்ததற்குப் பதிவுகள் இருப்பதால், இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

பெயரிலும் போட்டி இருக்கிறது. ‘பரங்கி’ என்பது போர்த்துகீசியரைக் குறித்த சொல், அதனால் பரங்கிமலை என்பது ஒரு விளக்கம். பிருங்கி முனிவர் தவம் செய்ததால் ‘பிருங்கி மலை’ என்பது அருகில் உள்ள நந்தீஸ்வரர் கோயிலின் மரபு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 16-ம் நூற்றாண்டு அரசியல் நடந்தது என்பதால், 13-ம் நூற்றாண்டு மார்க்கோ போலோவும் 8-ம் நூற்றாண்டுச் சிலுவையும் பொய்யாகிவிடாது. அதேபோல, சிலுவை பழையது என்பதால் போர்த்துகீசியர் செய்தது சரியாகிவிடாது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள்தான் சண்டையை மூட்டுகிறார்கள்.

அப்படின்னா, வந்தாரா வரலையா?

நேர்மையான பதில் இதுதான்: தோமையார் தென்னிந்தியாவுக்கு வந்தார் என்பதற்கு 1-ம் நூற்றாண்டு ஆதாரம் இல்லை. வரவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. திருச்சபைக்குள்ளேயே இது உணர்வுபூர்வமான விஷயம். 2006-ல் திருத்தந்தை 16-ம் பெனடிக்ட், தோமா மேற்கு இந்தியா வரை வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தெற்கே பரவியது என்ற பொருளில் பேசியபோது, கேரளத்தில் பெரிய சர்ச்சையே வெடித்தது.

காஞ்சிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு தொழில் நுட்பத்தை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். அசல் காஞ்சிப் பட்டில் உடல் தனி நாடா, கரை தனி நாடா. இரண்டையும் ‘கோர்வை’ போட்டு இணைப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே துணி. நெசவு தெரிந்தவர் கண்ணுக்குக் கோர்வை விழுந்த இடம் தெரியும். தோமையார் வரலாறும் அப்படித்தான். நம்பிக்கை ஒரு நாடா, ஆவணம் ஒரு நாடா. கோர்வை எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்வதற்காகச் சேலையைக் கிழிக்க வேண்டியதில்லை.

மிஞ்சி நிற்பது என்ன?

தோமையார் வந்ததை நிரூபிக்க முடியாது. அவர் பெயரைக் கேட்டு மற்றவர்கள் வந்ததை நிரூபிக்க முடியும். 1290-களில் இத்தாலியத் துறவி ஜான் மோந்தெகோர்வினோ, சீனா போகும் வழியில் இந்தியாவில் 13 மாதங்கள் தங்கி, உடன்வந்த தோழரைத் தோமையார் ஆலயத்தில் அடக்கம் செய்துவிட்டுப் போனார். 18-ம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், யாத்ரீகர்களுக்காகப் பரங்கிமலைக்குப் படிகள் கட்டிக்கொடுத்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் பாலம் கட்டியதும் அவர்தான். இன்றைய மறைமலை அடிகள் பாலம் இருக்கும் அதே இடம். 1986-ல் திருத்தந்தை 2-ம் ஜான்பால் வந்தார்.

பாரசீகச் சிற்பி, மண் எடுத்துப்போன யாத்ரீகர்கள், பிச்சைக் காசில் விளக்கேற்றிய முஸ்லிம் பெரியவர், படி கட்டிய ஆர்மீனியர் என்று இந்த வரிசையில் யாருமே கதைப் பாத்திரம் இல்லை. எல்லோருக்கும் கல்லோ எழுத்தோ சாட்சி இருக்கிறது.

அடுத்த முறை ஃபார்வர்டு வந்தால்...

மூன்றே கேள்விகள் போதும். இந்தத் தகவல் முதலில் எந்த நூற்றாண்டில் எழுதப்பட்டது? எழுதியவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா? அதில் ஊர்ப் பெயர் இருக்கிறதா, நாம் சேர்த்துக்கொண்டோமா? காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவரின் கதையை வாசிக்கிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்பதில் தப்பே இல்லை.

சிலுவையை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கினால் மலை பக்கத்திலேயே இருக்கிறது. வண்டி போக வழியும் உண்டு. மலை ஆலயத்தின் விழா டிசம்பர் 18. தோமையார் திருநாள் ஜூலை 3. பீடத்தின் அருகே போய், சிலுவையைச் சுற்றி ஓடும் அந்த ஒற்றை வரியைப் பாருங்கள். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து காஞ்சி மன்னர்களின் கரைக்கு வந்த ஒருவர், தன் மொழியில் தனக்காகக் கேட்டுக்கொண்ட இரக்கம் அது.